பாவத்தில் பங்கு

1

வால்மீகியின் பூர்வ கதையை நான் முதன்முதலாகக் கேட்டது சுந்தரபாண்டியத்தில், சிறு வயதில், ஒரு ராமாயணக் காலட்சேபத்தில். காட்டுப் பாதையில் வழிப்பறி செய்து பிழைக்கிற ஒருவனிடம் ரிஷிகள் அகப்படுகிறார்கள். யாருக்காக இந்தத் தொழில் என்று கேட்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்காக என்கிறான். உன் வரும்படியில் பங்கு கொள்கிறவர்கள் உன் பாவத்திலும் பங்கு கொள்வார்களா, போய்க் கேட்டுவிட்டு வா என்கிறார்கள். அவன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்கிறான். எங்களுக்குச் சோறு போடுவது உன் கடமை, அதை எப்படிச் சம்பாதிக்கிறாய் என்பது உன் பாடு என்று பதில் வருகிறது. திரும்பி வந்து ரிஷிகளின் காலில் விழுகிறான். அதன்பின் மந்திரம், புற்று, காவியம்.

கதை சொன்னவருக்குப் புற்றுக்குப் போக அவசரம். கேட்டவர்களுக்கும்தான். பாவி கவியாவதைக் கேட்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். என் மனம் மட்டும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. அந்தப் பதிலைச் சொன்னபோது அவள் யாருடைய புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள்? அடுப்பில் வெந்துகொண்டிருந்தது யாருடைய அரிசி? அவள் சொன்னதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. அடித்தவன் அவன். அவள் ஏவவில்லை, பார்க்கவில்லை. எத்தனை பேர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இருந்தும் அந்தப் பதில் தப்பு என்று அப்போதே தோன்றிவிட்டது. ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் முழுக்கத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

வரும்படியில் பங்கு உள்ளவனுக்குப் பாவத்தில் பங்கு உண்டா? உண்டு என்றால் எவ்வளவு? இதை வெறும் கேள்வியாக வைத்துக்கொண்டு யோசித்தால் சீக்கிரமே உபதேசத்தில் போய் முட்டிக்கொள்வோம். பங்கு என்பது கணக்கில் எழுதப்பட்ட ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அப்படி எனக்குக் கிடைத்தது திமிங்கில வேட்டை. மலையடிவாரத்து ஊர்க்காரன், கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தூத்துக்குடியில் இருக்கிறது, இவனுக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன என்று கேட்கலாம். கட்டுரையின் முடிவுக்குள் அதற்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

2

முதலில் சின்ன வேட்டை. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து மலைச் சரிவுகளில் பன்றி வேட்டைக்குப் போவார்கள் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அன்று ராஜபாளையம் நாய்கள் முன்னே ஓட, ஈட்டியோடு ஆட்கள் பின்னே ஓடுவார்களாம். பன்றி விழுந்ததும் அங்கேயே கூறு போடுவார்கள். முதலில் ஈட்டி பாய்ச்சியவனுக்கு இன்ன பாகம், வளைத்தவர்களுக்கு இன்ன பாகம், தற்செயலாக வழியில் நின்றவனுக்கும் ஒரு கை. கடித்து நிறுத்திய நாய்க்கும் ஒரு பங்கு. அதைக் கொடுக்காமல் வீடு திரும்புவது கேவலம் என்று அவர் சொன்னார்.

கடற்கரையிலும் இதே முறைதான். பாடு முடிந்து கரையேறியதும் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். இந்த இரண்டிலும் கொன்ற கையும் தின்ற வாயும் ஏறக்குறைய ஒருவருடையதே. ஒருவனுக்கும் தான் எதில் பங்காளி என்பதில் சந்தேகம் இல்லை. வால்மீகியின் கேள்வியை இங்கே யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். பங்கு என்றால் பங்குதான்.

திமிங்கில வேட்டையும் இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் கீழ்க்கரையில் நான்டக்கெட் என்ற மணல் தீவு. பிறகு அதன் எதிர்க்கரையில் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் முதல் பாதியிலும் உலகத்தின் விளக்குகளுக்கு எண்ணெய் அனுப்பிய ஊர்கள் இவை. 1840களில் எழுநூறுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்கள் இந்தத் தொழிலில் இருந்தன. அவற்றில் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. முழுக்கப் பங்கு. 'லே' என்று அதற்குப் பெயர். காப்டனுக்குப் பதினைந்தில் ஒன்று என்பதை ஒட்டி, எறியீட்டிக்காரனுக்கு அதற்குக் கீழே, புதிதாக வந்த கிராமத்துப் பையனுக்கு நூற்றெழுபத்தைந்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. சமையல்காரனுக்கும் பீப்பாய் செய்கிறவனுக்கும் பங்கு உண்டு. நான் பாத்திரம்தான் கழுவினேன் என்று அந்தக் கப்பலில் யாரும் சொல்ல முடியாது.

கணக்கு என்ற அளவில் இது நேர்மையான கணக்கு. கூலி என்ற அளவில் மோசடி. முன்பணம், அதற்கு வட்டி, கப்பல் கடையில் வாங்கிய சட்டை, புகையிலை எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மூன்று நான்கு வருஷ யாத்திரைக்குப் பிறகு வெறுங்கையோடு இறங்கியவர்கள் உண்டு. கடனாளியாக இறங்கியவர்களும் உண்டு. கப்பல் சொந்தக்காரர்கள் கரையில் இருந்தார்கள். அவர்களுடைய பங்குதான் பெரிது. அவர்களில் பலர், குறிப்பாக நான்டக்கெட்டில், குவேக்கர் சமயத்தவர். யுத்தத்தை மறுத்தவர்கள், ஆயுதம் எடுப்பது பாவம் என்றவர்கள், அடிமை முறையை மற்றவர்களுக்கு முன்பே எதிர்த்தவர்கள். அவர்களை வேஷக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. மனிதனைக் கொல்லக் கூடாது என்பதை அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் எல்லைக்கோடு கரையோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். நம்மில் யாருடைய அகிம்சையும் எங்கோ ஓரிடத்தில் முடிந்துதான் போகிறது.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. 1848இல் நியூ பெட்ஃபோர்டில் லூயிஸ் டெம்பிள் என்ற கொல்லர் எறியீட்டியின் முனையை மாற்றினார். உடம்புக்குள் போனதும் குறுக்கே திரும்பிக்கொள்ளும் முனை அது. பழைய ஈட்டியிலிருந்து நழுவித் தப்பிய திமிங்கிலங்கள் இதிலிருந்து நழுவ முடியவில்லை. டெம்பிள் ஒரு கறுப்பர். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். வடக்கே வந்த கறுப்பர்களுக்கு ஓரளவு மரியாதையோடு பிழைக்க இடம் கொடுத்த ஊர்களில் நியூ பெட்ஃபோர்ட் முக்கியமானது. பல வேலைகளில் கிடைக்காத வாய்ப்பு அவர்களுக்குத் திமிங்கிலக் கப்பலில் கிடைத்தது. அவர்களுடைய விடுதலையில் திமிங்கிலத்தின் ரத்தத்துக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவதும் சரியில்லை. டெம்பிள் தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் வாங்கவில்லை. 1854இல் கடனோடு இறந்தார். அவருக்கு வந்த பங்கு அது.

3

கொலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் பங்கைப் பற்றி மட்டும் பேசினால், நாமும் வால்மீகியின் மனைவியைப் போலத்தான் பேசுகிறோம்.

ஆறு பேர் படகில் நெருங்கி, கயிறு கட்டிய எறியீட்டியைப் பாய்ச்சுவார்கள். அது கொல்வதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு. கயிற்றோடு படகை இழுத்துக்கொண்டு ஓடி ஓடி அது களைத்த பிறகு, நீண்ட வேலை நுரையீரல் வரைக்கும் செலுத்திக் கிண்டுவார்கள். அது விடும் மூச்சு சிவப்பாக மாறும். வட்டமிட்டு வட்டமிட்டுச் சாகும். பிறகு கப்பலின் பக்கத்தில் கட்டி, கொழுப்பை வார் வாராக உரித்து, மேல்தளத்தில் செங்கல் அடுப்பின் மேல் வைத்த கொப்பரைகளில் காய்ச்சுவார்கள். அடுப்புக்கு விறகு முதலில் கொஞ்சம்தான். காய்ச்சி எடுத்த சக்கையையே திரும்ப அடுப்பில் போடுவார்கள். தன் உடம்பின் தீயிலேயே அது எண்ணெயாகும். ராத்திரியெல்லாம் அந்த வெளிச்சத்தில் வேலை நடக்கும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் ஒரு முத்திரை குத்துவார்கள். திமிங்கில வடிவத்தில் செதுக்கிய சிறு மரக்கட்டை. நடுவில் வெள்ளையாக விட்ட இடத்தில் எத்தனை பீப்பாய் என்று எழுதுவார்கள். தப்பியதற்கு வால் மட்டும். 1935இல் டவுன்சென்ட் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் இப்படிப்பட்ட பழைய குறிப்பேடுகளைப் படித்து, கொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியாக உலகக் கடல் வரைபடங்களில் குறித்தார். ஐம்பதாயிரத்துக்கு மேல் புள்ளிகள். நம்முடைய இந்துமகா சமுத்திரத்திலும் புள்ளிகள் உண்டு. முத்திரை குத்தியவன் எண்ணியது பீப்பாயை. அவனை அறியாமலே அது சாட்சியமாகிவிட்டது. இந்தக் குறிப்பேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பங்கு முறை தன் கடைசி எல்லைக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். 1820 நவம்பரில், பசிபிக்கின் நடுவில், எஸ்ஸெக்ஸ் என்ற நான்டக்கெட் கப்பலை ஒரு எண்ணெய்த் திமிங்கிலம் மோதி மூழ்கடித்தது. இருபது பேர் சிறு படகுகளில் மாதக்கணக்கில் மிதந்தார்கள். செத்தவர்களைத் தின்றார்கள். பிறகு ஒரு படகில் சீட்டுப் போட்டார்கள். சீட்டு விழுந்தது ஓவன் காஃபின் என்ற பையனுக்கு, காப்டன் பொல்லார்டின் உறவுக்காரப் பிள்ளைக்கு. அவனைச் சுடுவது யார் என்பதற்கும் சீட்டு. உயிரோடு மீண்டவர்கள் எட்டுப் பேர். பொல்லார்ட் பிறகு நான்டக்கெட்டில் இரவுக் காவல்காரராக வாழ்ந்தார். இந்தச் சம்பவத்தைக் கொடூரத்துக்காகச் சொல்லவில்லை. தாங்கள் தின்பது என்ன, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது அந்தப் படகில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே வருஷத்தில் அந்த எண்ணெயில் எரிந்த விளக்கடியில் வேதாகமம் படித்த குடும்பங்களுக்குத் தெரியாது.

விளக்கு மட்டும் இல்லை. எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் குளிரிலும் உறையாதது, சூட்டிலும் பிசுபிசுக்காதது. கடிகாரத்துக்கும், வேகமாகச் சுற்றும் நூற்புக் கதிருக்கும் அதைவிட நல்ல எண்ணெய் அன்று இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பஞ்சாலைகளின் கதிர்கள் அதில் சுழன்றன. அந்த மில் துணிதான் நம் ஊர்த் தறிகளைப் பட்டினி போட்டது. ராஜபாளையத்தில் முதல் பஞ்சாலை 1936இல் வந்தது. அதற்குள் மண்ணெண்ணெய்க் கிணறுகளின் காலம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கதிர்களில் திமிங்கிலத்தின் எண்ணெய் ஓடியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதிர் என்ற அந்த யந்திரம் வேகம் பழகியது அந்த எண்ணெயில்தான்.

4

நம் புராணக் கற்பனையில் திமி என்று ஒரு பெருமீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். இருபதாம் நூற்றாண்டு அந்த மூன்றாவதைக் கட்டி மிதக்கவிட்டது.

நார்வேக்காரர் ஸ்வென் ஃபாய்ன் 1870ஐ ஒட்டி, நுனியில் வெடிகுண்டு வைத்த எறியீட்டியைப் பீரங்கியில் வைத்துச் சுடும் முறையை நிலைநாட்டினார். 1925இல், பின்புறம் சரிவுப் பாதை வைத்து முழுத் திமிங்கிலத்தையும் மேலே இழுத்துப் போடும் மிதக்கும் தொழிற்சாலை அண்டார்க்டிக் கடலுக்குப் போனது. 1930–31 பருவம் ஒன்றில் மட்டும் அங்கே 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. கொழுப்பு ஐரோப்பாவின் சோப்பாகவும், ஏழைகளின் ரொட்டியில் தடவும் மார்ஜரினாகவும் ஆனது. நூற்றாண்டு முழுவதற்கும் கூட்டினால் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள்.

இத்தனையையும் ஒழுங்குபடுத்தத் தேசங்கள் கூடி ஓர் அளவையை வைத்துக்கொண்டன. 'நீலத் திமிங்கில அலகு' என்று பெயர். ஒரு நீலத் திமிங்கிலம் ஓர் அலகு. அதற்குச் சமம் இரண்டு ஃபின் திமிங்கிலம், அல்லது இரண்டரை கூன்முதுகுத் திமிங்கிலம், அல்லது ஆறு சேய் திமிங்கிலம். சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1972 வரைக்கும் இந்த அலகில்தான் அனுமதி வழங்கியது. இரண்டரை என்ற அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. நூலை நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று சொல்கிற ஊரில் வளர்ந்தவன் நான். நம்பர் நூலின் மென்மையைச் சொல்லும். நூற்றவளின் கையைச் சொல்லாது. இரண்டரைத் திமிங்கிலம் என்று எழுதிய குமாஸ்தா கெட்டவராக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அரைத் திமிங்கிலம் எங்கே நீந்துகிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பசியும் லாபமும்கூடக் கழன்று போய், எண் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைச் சோவியத் கப்பல்கள் காட்டின. திட்டம் என்று ஒன்று மேலிருந்து வரும். அதை மிஞ்சினால் ஊக்கத்தொகை. மிஞ்சிய எண் அடுத்த வருஷத்துத் திட்டமாகும். பிடித்ததில் பெரும்பகுதி உபயோகமில்லாமல் கடலில் தள்ளப்பட்டது உண்டு. கப்பல்கள் ஒதெஸ்ஸாவுக்குத் திரும்பும்போது ஊரே வாத்தியத்தோடு வரவேற்கும். மாலுமிகள் யுத்தத்தில் அழிந்த தேசத்தின் பிள்ளைகள். அவர்களுக்கு இது சம்பாத்தியம், கௌரவம், தூரதேசம். தென்கோளத்தில் அவர்கள் கொன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 48,000க்கு மேல். ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கில் 2,710.

அண்டார்க்டிக் போகும் வழியில் அவர்கள் நம் அரபிக் கடலுக்கும் வந்தார்கள். 1963 முதல் 1966 வரை, ஸ்லாவா, சோவெட்ஸ்கயா உக்ரயினா என்ற இரண்டு தொழிற்சாலைக் கப்பல்களும் அவற்றின் வேட்டைப் படகுகளும், சர்வதேச விதிக்குப் புறம்பாக, இங்கே 3,339 திமிங்கிலங்களைக் கொன்றன. 1,294 நீலம், 954 எண்ணெய்த் திமிங்கிலம், 849 பிரைடு, 242 கூன்முதுகு. கூன்முதுகில் 238, 1966 நவம்பர் என்ற ஒரே மாதத்தில், ஓமான், பாகிஸ்தான், மேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால். அந்தக் கூட்டம் வேறு எங்கும் வலசை போகாத தனிக் கூட்டம். இன்று ஓமானை ஒட்டி மிஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். நம் வாசலில் இது நடந்தபோது நமக்குத் தெரியாது.

5

பின் எப்படித் தெரிந்தது? இங்கேதான் கட்டுரையின் கடினமான பகுதி.

ஒவ்வொரு கப்பலிலும் உயிரியல் அறிஞர்கள் இருந்தார்கள். சரிவில் ஏறிய ஒவ்வொன்றையும் அளந்தார்கள். வயிற்றைத் திறந்து இரை என்ன என்று பார்த்தார்கள். கருவையும் அளந்தார்கள். உண்மைக் கணக்கு ஒன்று, வெளியே காட்டும் கணக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. உண்மைக் கணக்கு ரகசியம். அதைச் சிலர் அழியவிடாமல் பல வருஷம் ஒளித்துக் காப்பாற்றினார்கள். சோவியத் யூனியன் போன பிறகு, 1993இல், அலெக்ஸி யப்லகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்த மோசடியைப் பகிரங்கமாகச் சொன்னார். அரபிக் கடலின் கணக்கை, அந்தக் கப்பல்களில் உயிரியலாளராக இருந்த மிகலேவ் பின்னால் வெளியிட்டார்.

இந்த மனிதர்களை என்ன சொல்வது? அவர்கள் கப்பலின் சோற்றைத் தின்றார்கள், சம்பளம் வாங்கினார்கள். பீரங்கியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கவும் முடியாது. எழுதினார்கள். எழுதியது போதுமா? இலக்கியத்தோடு கொஞ்சமாவது சம்பந்தமுள்ள யாருக்கும் இது தூரத்துக் கேள்வி இல்லை. சாட்சியாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாமும் ஏதோ ஒரு கப்பலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எழுதியவுடன் கை சுத்தமாகிவிட்டது என்ற நினைப்பு நம்மவர்களிடம் உண்டு. எழுத்தாளனுக்குப் பங்கு கிடையாது, அவன் பார்வையாளன் என்று ஒரு வாதமும் உண்டு. அது வால்மீகியின் மனைவியின் பதிலையே கொஞ்சம் படித்த பாஷையில் சொல்வதுதான்.

உண்மைக் கணக்கு எழுதியதால் அந்த விஞ்ஞானிகளின் பங்கு குறைந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். 238 என்று எழுதினாலும் 238ம் செத்தவைதான். ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள்: இது என் பாடு இல்லை என்று சொல்லவில்லை. பங்கை மறுக்காமல் வைத்துக்கொண்டார்கள். அதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்களைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் கீழே இறக்கவும் மனம் வரவில்லை.

இதில் இன்னும் ஒரு திருகல். அரபிக் கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தெற்கிலிருந்து வந்தவை அல்ல, இங்கேயே கருத்தரித்து இங்கேயே வாழ்பவை என்பதற்கு முக்கியமான சான்று எது? 1966இல் கிழித்த வயிறுகளில் இருந்த கருக்களின் அளவு. அந்த மாதத்தில் அந்த அளவு என்றால் அவை வடகோளத்துப் பருவத்தின்படி கருவுற்றவை என்று கணக்கிட்டார்கள். இன்று அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடும் ஒவ்வொருவருடைய அறிவிலும் அந்த வயிறுகள் இருக்கின்றன. கருணைக்கும் அந்தக் கொலையில் பங்கு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பங்கே இல்லாத இடம் என்று ஒன்றைத் தேடுவதை நான் விட்டுவிட்டேன்.

6

எல்லோருக்கும் பங்கு என்றால் யாருக்கும் குற்றம் இல்லை என்று முடியுமே என்று ஒரு ஆட்சேபணை வரும். நியாயமான ஆட்சேபணை. நூற்றெழுபத்தைந்தில் ஒன்று என்று பணத்தைப் பிரித்தது போலப் பழியையும் பிரித்தால் ஆளுக்கு ஒரு துளிகூட மிஞ்சாது. பெரிய கொடுமைகள் எல்லாம் நடந்தது இந்தக் கணக்கில்தான். எனவே இரண்டு வார்த்தைகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. குற்றம் வேறு, பங்கு வேறு. குற்றம் கைக்குரியது. யார் சுட்டார், யார் உத்தரவு போட்டார், யார் பொய்க் கணக்குக் கொடுத்தார் என்று விரல் நீட்டிக் கேட்டுத் தண்டிக்கத்தக்கது. பங்கு அப்படிப்பட்டதில்லை. அது ஓர் உறவு. அது நமக்குத் தண்டனையைத் தருவதில்லை. கேள்வி கேட்கும் கடமையைத் தருகிறது. விளக்கடியில் படித்தவன் கொலைகாரன் இல்லை. ஆனால் இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே இருந்தான் என்றால், அவனுக்கு வந்த பங்கை அவன் ஒழுங்காக வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். வேட்டையைப் பொறுத்தவரை நம் கை சுத்தம். தமிழ்க் கரையில் திமிங்கிலம் கொல்லும் தொழில் மரபாக இருந்ததில்லை. 1979இல் இந்துமகா சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 1981இல் இந்தியா ஆணையத்தில் சேர்ந்தது. 1982இல் எடுத்த முடிவின்படி 1986இலிருந்து வணிக வேட்டைக்குத் தடை. ஜப்பான் 2019இல் விலகித் தன் கடலில் மறுபடி தொடங்கியது. நாம் தொடங்கப் போவதில்லை.

ஆனால் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். எங்கள் பக்கத்துத் துணியும் நூலும் தூத்துக்குடியில் கப்பலேறி, பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். கிழக்கே போகிற கப்பல்கள் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகும் பாதை உலகத்தின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று. நீலத் திமிங்கிலங்கள் மேய்கிற இடமும் அதுவே. கப்பல் மோதி அவை சாகின்றன. ராட்சசக் கப்பலின் மேல்தளத்தில் இருப்பவனுக்கு மோதியதே தெரிவதில்லை. சில சமயம் துறைமுகத்துக்குள் வரும்போது முகப்பில் உடல் தொங்கிக்கொண்டிருக்கும். பாதையைச் சில மைல் தெற்கே தள்ளினாலே பெரும்பகுதி தவிர்க்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகச் சொல்லிவந்தார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளிப் போகச் சொன்னது.

புண்ணுக்குக் கட்டுகிற துணி. அதைவிடக் குற்றமற்ற சரக்கு இருக்க முடியுமா? நெய்கிறவருக்குக் கடலே தெரியாது. இங்கே கொல்ல நினைத்தவன் ஒருவனும் இல்லை. கொல்வதால் லாபம் அடைகிறவனும் இல்லை. ஆனாலும் பங்கு வந்து சேர்கிறது, தபாலில் வருகிற மாதிரி, விலாசம் சரியாக எழுதப்பட்டு.

1973 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில் அதே வகை, எண்பதுக்கு மேல், மணப்பாடு பக்கத்துக் கரைகளில் ஏறின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பிக் கரைக்கே வந்தன. மறுபடி இழுத்தார்கள். பல செத்தன, மணலில் குழி தோண்டிப் புதைக்கப்பட்டன. அன்று அவர்களுக்குப் பாடும் இல்லை, பங்கும் இல்லை. வலைக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று என்று கணக்காகப் பிரிக்கிற அதே மனிதர்கள், தங்களுக்கு ஒன்றும் வராத இடத்தில் பாரத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். பெரிய பலன் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவராவது அது கடலின் பாடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நாம் குறை சொல்லியிருக்கமாட்டோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காலட்சேபத்துக்குத் திரும்புகிறேன். அந்த மனைவி என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? உன் பாவம் முழுவதையும் நான் ஏற்கிறேன் என்றா? அது நாடகம். அப்படிச் சொல்கிற மனைவியை நான் நம்பமாட்டேன். அவள் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசலில் நின்றவனிடம், எத்தனை பேர், அவர்கள் யார் யார், உட்கார்ந்து சொல் என்று கேட்டிருக்கலாம். கதையில் ரிஷிகள்கூட அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அவனைக் கடைத்தேற்ற வேண்டியிருந்தது. வழியில் செத்துக் கிடந்தவர்களைப் பற்றிக் கதையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.